இரு தரப்பினர்

இரு பக்கமும் எங்களைத் திட்டுகிறார்கள், ஆகவே நாங்கள் நடுநிலையில் இருக்கிறோம் என்று பத்திரிகை ஆசிரியர்கள் சொல்லிக்கொள்வது வழக்கம். டெலிவிஷன்காரர்களும் இதையே சொல்கிறார்கள். இணையத்தில் செய்தி நடத்துகிறவர்களுக்கு இது ஏறக்குறைய வேதவாக்கு. கேட்பதற்கு நியாயமாக இருப்பதாலேயே யாரும் இந்த வாதத்தைப் பரிசீலனை செய்வதில்லை. எனக்கு இதில் வெகு நாளாகச் சந்தேகம் உண்டு. கட்சிக்காரன் செய்தியை எப்படிப் படிக்கிறான், எதைச் சார்பு என்று உணர்கிறான் என்ற கேள்வியை நம் விமர்சகர்கள் எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. அரசியல்காரர்கள் பாடு, பத்திரிகைக்காரர்கள் பாடு என்று ஒதுக்கிவிட்டோம். ஆனால் இது முதலாவதாக வாசிப்பைப் பற்றிய பிரச்னை. தமிழில் கவிதையை உன்னிப்பாகப் படிக்கிறவர்கள் சில நூறு பேர் இருந்தால் அதிகம். செய்தியை வரி வரியாக, எந்தச் சொல் எந்த இடத்தில் ஏன் விழுந்தது என்று உள்நோக்கம் தேடிப் படிக்கிறவர்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்கள் கட்சிக்காரர்கள்.

வெளிநாட்டில் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். 1982ல் பெய்ரூத்தின் சாப்ரா, ஷட்டீலா அகதி முகாம்களில் நடந்த படுகொலை பற்றி அமெரிக்கத் தொலைக்காட்சிகள் ஒளிபரப்பிய செய்திகளை எடுத்து, ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக மாணவர்கள் 144 பேருக்குப் போட்டுக் காட்டினார்கள் வலோன், ராஸ், லெப்பர் என்ற மூன்று மனோதத்துவ ஆய்வாளர்கள். ஆய்வு வெளியானது 1985ல். இஸ்ரேல் ஆதரவாளர்கள் அந்தச் செய்தி இஸ்ரேலுக்கு விரோதமானது என்றார்கள். அரபு ஆதரவாளர்கள் அதே செய்தி இஸ்ரேலுக்குச் சாதகமானது என்றார்கள். இதுவரை ஆச்சரியமில்லை, டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தவனுக்கும் தெரிந்ததுதான். அடுத்து வருவதுதான் என்னை யோசிக்க வைத்தது. செய்தியில் இஸ்ரேலுக்குச் சாதகமான குறிப்புகள் எத்தனை, பாதகமானவை எத்தனை என்ற எண்ணிக்கையிலேயே இரு சாராரும் வேறுபட்டார்கள். அபிப்பிராயம் வேறுபடுவது சகஜம். எண்ணிக்கை வேறுபட்டால், ஒரே படத்தின் முன் உட்கார்ந்தவர்கள் இரண்டு படங்களைப் பார்த்திருக்கிறார்கள் என்று பொருள். மேலும், விஷயம் அதிகம் தெரிந்தவர்களே அதிகச் சார்பைக் கண்டார்கள். அறியாமையால் வரும் நோயாக இருந்தால் படிப்பறிவு இயக்கம் நடத்திப் போக்கிவிடலாம். இது விஷய ஞானம் ஏற ஏற முற்றுகிற நோய்.

நான் வேலை பார்க்கும் வங்கிக் கிளை பெரம்பலூரில், வீடு அரியலூரில். சிமெண்ட் லாரிகளுக்கு நடுவே 30 கிலோமீட்டர் சொச்சம் தினமும் பஸ். இந்த இரண்டு ஊர்க்காரர்களுக்கும் எதையும் கட்சிக் கண்ணால் பார்க்கத் தனிப் பயிற்சி தேவையில்லை. அரியலூர் மாவட்டமே 2001ல் தி.மு.க. ஆட்சியில் பிறந்து, 2002ல் அ.தி.மு.க. ஆட்சியில் பெரம்பலூரோடு திரும்பச் சேர்க்கப்பட்டு, 2007ல் தி.மு.க. ஆட்சியில் மீண்டும் பிரிந்தது. நாங்கள் எந்த மாவட்டத்தில் வசிக்கிறோம் என்பதே அந்தந்த ஆட்சியின் அபிப்பிராயமாக இருந்திருக்கிறது. 1956 நவம்பர் 23 அன்று அரியலூருக்குப் பக்கத்தில் மருதையாற்றுப் பாலத்தில் ரயில் கவிழ்ந்தது. அந்தச் செய்தியும் எங்களுக்கு இரண்டாகத்தான் வந்து சேர்ந்தது. காங்கிரஸ் வீட்டில் வளர்ந்தவனுக்கு அது லால் பகதூர் சாஸ்திரி ராஜினாமா செய்த கதை. தி.மு.க. வீட்டில் வளர்ந்தவனுக்கு அது ரயில்வே துணை அமைச்சர் ஓ.வி. அழகேசனை மேடைக்கு மேடை கேலி செய்த கோஷத்தின் கதை. இரண்டும் நடந்தவைதான். இரண்டிலுமே ஆற்றோடு போனவர்கள் பற்றி ஒரு வரி கிடையாது.

அ. ராசா எங்கள் பக்கத்துக்காரர். 1996, 1999, 2004 என்று மூன்று தடவை பெரம்பலூரின் எம்.பி. 2010 நவம்பரில் வந்த தணிக்கை அறிக்கையில் இருந்த 1.76 லட்சம் கோடி ரூபாய் என்பது அனுமான இழப்பு. அதுவும் வெவ்வேறு கணக்குமுறைகளில் கிடைத்த தொகைகளில் மிகப் பெரியது. செய்திகளில் வெகு சீக்கிரத்தில் ‘அனுமான’ உதிர்ந்தது, ‘இழப்பு’ ‘ஊழல்’ ஆயிற்று, தொகை மட்டும் நிலைத்தது. தி.மு.க.காரர்கள் இதைச் சதி என்றார்கள். சதி என்பது அவர்கள் பங்குக்குச் சேர்த்தது. ஆனால் ஒரு அடைமொழி காணாமல் போனதைக் கவனித்தவர்கள் அவர்கள்தாம். மொழியே உயிர் என்று சொல்லிக்கொள்ளும் நம்மில் யாரும் கவனிக்கவில்லை. பிறகு 2012 பிப்ரவரி 2 அன்று உச்சநீதிமன்றம் 122 லைசென்சுகளை ரத்து செய்தது. 2017 டிசம்பர் 21 அன்று சி.பி.ஐ. சிறப்பு நீதிமன்றம் ராசா உட்பட எல்லோரையும் விடுதலை செய்தது. 2018ல் மேல்முறையீடு போயிற்று. எங்கள் கிளையில் காசாளருக்கு 2017 மனப்பாடம், நகை மதிப்பீட்டாளருக்கு 2012 மனப்பாடம். மற்றத் தேதியை நினைவூட்டும் பத்திரிகை விலைபோன பத்திரிகை. (மதிப்பீட்டாளர் தன் மகளின் வளையலையும் உரைகல்லில் தேய்த்துப் பார்த்துவிட்டுத்தான் மாற்றுச் சொல்வார். தொழிலில் அப்படி.)

இதைவிடத் துல்லியமான பரிசோதனை ஒன்று எங்கள் தொகுதியில் தானாகவே நடந்தது. 2011 ஆகஸ்டில் புதிய தலைமுறை தொலைக்காட்சி வந்தபோது, கட்சி டி.வி.க்களுக்கு நடுவே கட்சி சாராத ஒன்று என்று பலர் வரவேற்றார்கள். அது எஸ்.ஆர்.எம். குழுமத்தைச் சேர்ந்தது, அதன் நிறுவனர் பாரிவேந்தர் இந்திய ஜனநாயகக் கட்சியின் நிறுவனரும்கூட. அவர் 2014ல் பெரம்பலூரில் பா.ஜ.க. கூட்டணியில் நின்று தோற்றார். 2019ல் அதே பெரம்பலூரில் உதயசூரியன் சின்னத்தில் நின்று ஜெயித்தார். 2024ல் மறுபடியும் பா.ஜ.க. கூட்டணியில் நின்று தி.மு.க.வின் அருண் நேருவிடம் தோற்றார். இந்தப் பத்து வருஷத்தில் சேனலின் செய்தி எப்படியிருந்தது என்பது இங்கே என் கேள்வி இல்லை. பார்த்தவர்கள் மாறியதைச் சொல்கிறேன். 2014ல் எங்கள் காசாளர், “அது அவுங்க டி.வி. சார், அத எதுக்குப் பாக்குறீங்க” என்றார். 2019ல், “மத்தவன் எல்லாம் மூடி மறைக்கிறான், இவங்கதான் உள்ளத உள்ளபடி போடுறாங்க.” 2024ல், “நான்தான் அப்பவே சொன்னேனே.” மதிப்பீட்டாளர் இதே மூன்று வாக்கியங்களைத் தலைகீழ் வரிசையில் சொன்னார் என்று எழுதினால் யாரும் நம்பமாட்டார்கள், ஆனால் ஏறக்குறைய அப்படித்தான் நடந்தது. ‘என்ன சொல்கிறது’ என்ற கேள்வி எழுவதற்கு முன்பே ‘யாருடையது’ என்ற கேள்வி பதில் சொல்லி முடித்துவிடுகிறது.

இதை வெறும் பித்து என்று தள்ளிவிடுவதும் சோம்பேறித்தனம். ‘யாருடையது’ என்று கேட்கத் தமிழ் வாசகனுக்குச் சரித்திரமே கற்றுக்கொடுத்திருக்கிறது. 1917ல் நீதிக்கட்சியார் ‘திராவிடன்’ தொடங்கியது, இருந்த பத்திரிகைகள் தங்களுக்கு விரோதமானவை என்று கண்டதால்தான். 1925ல் பெரியாரின் ‘குடி அரசு’. 1937ல் கம்யூனிஸ்டுகளின் ‘ஜனசக்தி’. அண்ணாவின் ‘திராவிட நாடு’, கருணாநிதியின் ‘முரசொலி’ இரண்டும் 1942. டி.வி. வந்த பிறகு சன் 1993, ஜெயா 1999, மக்கள் 2006, கலைஞர் 2007, நியூஸ் ஜெ 2018. வேறு தேசங்களில் சார்பு பற்றிய புகார் ஆசிரியருக்குக் கடிதமாகப் போகும். இங்கே அது இன்னொரு பத்திரிகையாகவே பிறந்திருக்கிறது. அப்படிப் பிறந்தவற்றை யாரும் சார்புடையவை என்று குறை சொல்வதும் இல்லை. ‘உடன்பிறப்பே’ என்று ஆரம்பிக்கும் எழுத்து, கடிதம். கடிதம் எழுதுகிறவன் உறவுக்காரன் பக்கம்தான் பேசுவான். எதிர்க்கட்சிக்காரனுக்கும் இது தெரியும். கட்சிக்காரனின் கோபம் முழுவதும் கடிதமாக இருக்க மறுத்துச் செய்தி என்று சொல்லிக்கொள்வதன் மேல்தான். அதிலும் தன் வீட்டுப் பத்திரிகை அப்படிச் செய்தால் பொறுக்க முடியாது. 2007 மே 9 அன்று ‘தினகரன்’ வெளியிட்ட ஒரு கருத்துக்கணிப்புக்காக மதுரையில் அதன் அலுவலகத்தைத் தாக்கித் தீவைத்தார்கள். மூன்று ஊழியர்கள் இறந்தார்கள். எதிரியின் பத்திரிகையில் வசை வந்ததற்கு அல்ல, நம்முடையது என்று நினைத்திருந்த ஒன்றில் சதவிகிதக் கணக்கு வந்ததற்கு.

செய்தி இப்போது செல்போனில் வருகிறது, ஆகவே எல்லாம் மாறிவிட்டது என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 2004ல் குந்தர், ஷ்மிட் என்ற இருவர், மரபணு மாற்றிய உணவு பற்றிய ஒரே விஷயத்தைச் சிலரிடம் பத்திரிகைக் கட்டுரை என்றும் சிலரிடம் ஒரு மாணவன் எழுதியது என்றும் சொல்லிக் கொடுத்துப் பார்த்தார்கள். பத்திரிகை என்றபோது இரு சாராரும் அதில் விரோதத்தைக் கண்டார்கள். மாணவன் என்றபோது அந்த விரோதம் காணாமல் போயிற்று. ஊரெல்லாம் படிக்கப் போகிறது என்ற நினைப்புதான் சுருக்கென்று தைக்கிறது. வாட்ஸ்அப்பில் மைத்துனன் அனுப்புவது ஊரெல்லாம் போவதுதான். ஆனால் மைத்துனன் பத்திரிகை இல்லையே. ஆகவே சேனல் முத்திரையைப் போலியாக ஒட்டி வருகிற கார்டுகூடச் சந்தேகமில்லாமல் உள்ளே போய்விடுகிறது. அசல் சேனலின் அசல் செய்திக்குக் கீழே ‘இருநூறு ரூபாய் உ.பி.’ என்றும் ‘சங்கி’ என்றும் வசை விழுகிறது. எதிரே பேசுகிறவன் காசு வாங்காமல் அப்படிப் பேச முடியும் என்பதை இரு பக்கத்தாராலும் கற்பனை செய்ய முடியவில்லை.

நாம் இதைப் பார்த்துச் சிரித்துக்கொள்ள வேண்டாம். 1959ல் ‘எழுத்து’ வந்த நாளிலிருந்து ‘தாமரை’க்காரர்கள் அதில் வந்த கவிதைகளை எப்படிப் படித்தார்கள், ‘எழுத்து’க்காரர்கள் ‘தாமரை’க் கதைகளை எப்படிப் படித்தார்கள் என்று யோசித்தால் போதும். இன்றும் கவிதை எந்தப் பத்திரிகையில் வந்தது என்று முதலில் பார்த்துவிட்டுத்தான் அதன் முதல் வரிக்குப் போகிறோம். மாணவன் எழுதியது என்று சொல்லி ஒரு முறை யாராவது எங்களுக்குக் கொடுத்துப் பார்க்கலாம்.

இந்த ஆய்வுகளையெல்லாம் ஏற்றுக்கொண்ட பிறகு ஆசிரியர்களின் வாதத்துக்கு வருகிறேன். கட்சிக்காரர்கள் இரு சாராருமே எப்படியும் திட்டுவார்கள் என்றால், அந்தத் திட்டில் பொருட்படுத்த ஒன்றுமில்லை என்பது அவர்கள் எடுத்துக்கொண்ட முடிவு. இது வசதியான முடிவு. 2019 ஏப்ரல் 18, நாடாளுமன்றத் தேர்தலின் வாக்குப்பதிவு நாள். சிதம்பரம் தனித்தொகுதியில் தொல். திருமாவளவன் பானைச் சின்னத்தில் நின்றார். அரியலூர் மாவட்டம் பெரும்பாலும் அந்தத் தொகுதியில்தான் வருகிறது. செந்துறைப் பக்கம் பொன்பரப்பியில் தலித் மக்களின் குடியிருப்பு தாக்கப்பட்டது. வீடுகள் உடைந்தன, ஆட்கள் காயப்பட்டார்கள். தெருவில் பானையைப் போட்டு உடைத்ததும் நடந்தது. அன்று இரவும் மறுநாளும் நான் கேட்டவற்றில், படித்தவற்றில் திரும்பத் திரும்ப வந்த தலைப்பு, ‘இரு தரப்பினர் மோதல்.’

விடுதலைச் சிறுத்தைகள் பக்கத்து நண்பர் ஒருவர், “எங்க ஓடு உடைஞ்சிருக்கு, மோதலாம்” என்றார். எதிர்ப் பக்கத்தில் பழக்கமான ஒருவர், முதலில் வம்பு பண்ணியது யார் என்பதை மறைத்துவிட்டார்கள், எல்லாப் பத்திரிகையும் அவர்கள் பக்கம் என்றார். மனோதத்துவ ஆய்வாளர் இருந்தால், இதோ என் சித்தாந்தம் என்பார். ஆசிரியர், பார்த்தீர்களா என் நடுநிலை என்பார். விமர்சகன் செய்ய வேண்டியது வாக்கியத்தைப் பார்ப்பது.

அடித்தல் என்ற வினைக்கு அடித்தவன் வேண்டும், அடிபட்டவன் வேண்டும். மோதல் என்ற பெயருக்கு இரண்டும் வேண்டாம். இரண்டு ஆடுகள் மோதுகின்றன, இரண்டு பஸ்கள் மோதுகின்றன. மோதுகிறவை இரண்டும் சமம், இரண்டும் எழுவாய். ‘தரப்பினர்’ இன்னும் சாமர்த்தியமான சொல். அதில் எண்ணிக்கை தெரியாது, எந்தத் தெருவில் நின்றார்கள் என்பது தெரியாது. உடைந்த ஓடுகள் எல்லாம் ஒரு தெருவில் இருக்கும்போது இந்த வாக்கியம் பொய். என் நண்பரின் குறை வாக்கியத்துக்குள் இருப்பதைப் பற்றியது. போய்ப் பார்த்துச் சரிபார்க்கக்கூடியது. மற்றவரின் குறை வாக்கியத்துக்கு முன்னால் வந்திருக்க வேண்டியதைப் பற்றியது. அதையும் சரிபார்க்கலாம்: முதலில் யாராவது அடிபட்டிருந்தால் எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் என்று எழுதலாம். இரண்டு புகாரையும் தனித்தனியாக எடுத்துப் பார்க்காமல் ஒன்றுக்கு எதிரே ஒன்றை வைத்துக் கழித்துவிட்டு, மீதி பூஜ்யம், ஆகவே நான் நேர்மையானவன் என்பது கணக்கே இல்லை.

வங்கியில் இருப்பவனுக்கு இந்தப் பிழை பழக்கமானது. பற்றும் வரவும் டாலி ஆகிவிட்டால் வேலை முடிந்தது என்று புதிதாகச் சேர்ந்த பையன்கள் எழுந்துவிடுவார்கள். ஒருவர் கணக்கில் வரவு வைக்க வேண்டிய 5,000 ரூபாயை அதே பெயருள்ள இன்னொருவர் கணக்கில் வைத்தாலும் டாலி ஆகும். கம்ப்யூட்டரும் ஒன்றும் சொல்லாது. பணம் வராதவன் பாஸ்புக்கைத் தூக்கிக்கொண்டு வந்து சத்தம் போடும்போதுதான் தெரியும். அவன் சத்தம் போடுகிறான் என்பதாலேயே அவன் சொல்வது உண்மையாகிவிடாது. ஆனால் லெட்ஜரைத் திறந்து பார்க்காமல் அவனை அனுப்ப முடியாது.

பெயர் சொல்லாமல் எழுதுவதற்குப் பத்திரிகைகள் தரும் காரணம், சாதியைக் குறிப்பிட்டால் கலவரம் பரவும் என்பது. நல்லெண்ணம்தான். ஆனால் எங்கள் பக்கத்து வாசகன் செய்தியில் ‘காலனி’ என்ற ஒரு சொல்லைப் பார்த்தால் போதும், யார் எவர் என்று முழுக்கப் படித்துவிடுவான். தெருப் பெயர் இருந்தால் சொந்தபந்தம் வரை தெரியும். கலவரம் பரவக்கூடிய இடத்தில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. தெரியாமல் போவது சென்னையில் காப்பியோடு படிக்கிறவருக்கு. (2025 ஏப்ரலில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின், ‘காலனி’ என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்ல காரியம். செய்தியில் அந்த இடத்தில் எந்தச் சொல் வந்து உட்காரும் என்று கவனிக்க வேண்டும்.)

எனக்குத் தெரிந்த தாலுகா நிருபர் ஒருவர் உண்டு. சம்பளம் என்று சொல்லும்படி ஒன்றும் கிடையாது. விளம்பரம் பிடித்துக் கொடுத்தால் கமிஷன். ஒரு தகராறைப் பற்றி நேரில் பேசும்போது அவர் எத்தனை மணி, எந்த முனை, யார் கையில் கட்டை, யார் வீட்டுக் கதவு என்று சொல்லும் விதம் நம் யதார்த்தவாத நாவலாசிரியர்கள் பலருக்கு வாய்க்காதது. மறுநாள் அச்சில் அது ஒன்பது வரி. ‘இரு தரப்பினர்’, ‘பரபரப்பு’, ‘போலீசார் குவிப்பு’. இதையெல்லாம் எழுதவேண்டியதுதானே என்று கேட்டேன். “எழுதலாம் சார். எழுதினா எந்தப் பக்கத்து ஆளுன்னு கேப்பாங்க. ரெண்டு பேரும் விளம்பரம் குடுக்கறவங்க. நாளைக்கி அந்த வழியாத்தான் வண்டிய ஓட்டிக்கிட்டுப் போவணும்” என்றார். மனோதத்துவ ஆய்வுகளில் நான் காணாத விஷயம் இது. அவற்றில் செய்தி முதலில் வருகிறது, சார்பு உணர்வு பிறகு வருகிறது. எங்கள் ஊரில் அந்த உணர்வு செய்தி எழுதப்படும்போதே நிருபர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறது. ‘இரு தரப்பினர்’ என்பது பாதி அது எழுதியது. பிறகு அதே வாக்கியத்தைப் படித்துவிட்டு அதற்கே கோபம் வருகிறது.

2019 ஏப்ரல் 19, 20 தேதிகளில் திருச்சியிலிருந்து வந்த நாளிதழ்களில் பொன்பரப்பிச் செய்திகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வினைச்சொற்களை மட்டும் தனியே எழுதிப் பார்க்க எனக்கு எண்ணம். கட்சி நாளிதழ்களும் வேண்டும்: முரசொலி, நமது அம்மா, தீக்கதிர் மூன்றும். இப்போதைக்கு என்னிடம் மூன்று பத்திரிகைகளின் கத்தரிப்புகள்தான் இருக்கின்றன; ஒன்றில் தேதி கிழிந்துபோயிருக்கிறது. அந்த நாள்களின் இதழ்கள் வைத்திருக்கும் நண்பர்கள் பத்திரிகை முகவரிக்கு அனுப்பினால் பிரதி எடுத்துக்கொண்டு திருப்பி அனுப்பிவிடுவேன்.